அருவிக்கு ஒரு பயணத் திட்டம்: தௌலதாபாத்திலிருந்து ஒகேனக்கல் வரை

ஓசூரில் எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு தங்கை, சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், போன மாதம் ஒரு ரீல்ஸைக் காட்டினார். வெளிநாட்டில் ஏதோ ஒரு பூங்கா. அருவி, அருகில் நான்கு டென்ட், நடுவில் நெருப்பு, சுற்றி உட்கார்ந்து பாடும் இளைஞர்கள். "அக்கா, நாமளும் ஒரு தடவை இப்படிப் போலாமா? நம்ம பக்கத்துலதான் ஒகேனக்கல் இருக்கே" என்றார். கூட்டத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் உடனே கை தூக்கினார்கள். அடுத்த வாரம் பாடத்தை நிறுத்திவிட்டுத் திட்டம் போட உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த பிறகுதான், இது பஸ், சாப்பாடு, தங்கும் இடம் என்று ஒரு தாளில் முடிகிற கணக்கு இல்லை என்று தெரிந்தது. அந்தத் தங்கையின் அப்பாவிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் பட்டார். "ஏம்மா, ஒகேனக்கலுக்கு நான் எத்தனை தடவை போயிருக்கேன் தெரியுமா? எல்லாம் மூட்டை தூக்கத்தான். பாக்கறதுக்குன்னு நம்ம ஆளுங்க யாரு போனா?" என்றார். ஆடிப் பதினெட்டுக்குப் போகும் கூட்டத்தோடு சமையல் பாத்திரமும் விறகும் சுமந்து போயிருக்கிறார். அருவியில் குளித்தீர்களா என்று கேட்டோம். கீழே, எல்லாரும் குளித்து முடித்த பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் குளித்தாராம்.

பாக்கறதுக்குன்னு யாரு போனா? இந்தக் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய பதில் உண்டு. தோழர்கள் பலர் படித்திருக்கலாம். படிக்காதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1934. அண்ணல் அம்பேத்கருடன் இயக்க வேலை செய்த சில தோழர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஆசை. நீங்களும் வந்தால் போகலாம் என்று அவரைக் கேட்கிறார்கள். அவரும் சரி என்கிறார். எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் கட்டாயம் பார்ப்பது என்று முடிவாகிறது. நாசிக்கில் கூடி, ஏவலா வழியாக அவுரங்காபாத் போவது திட்டம். அது அப்போது ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதி. ஏறத்தாழ முப்பது பேர், ஒரு பஸ், சில கார்கள். மூன்று வட்டமேசை மாநாடுகளிலும் பேசிவிட்டு வந்தவர், பாரிஸ்டர், பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அப்படிப்பட்டவர் இந்தப் பயணத்தை வெளியே அறிவிக்கவில்லை. தீண்டப்படாதவர் என்று தெரிந்தால் வெளியூரில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வழியில் தங்கப்போகும் ஊர்களில் இருந்த நம் மக்களுக்கு மட்டும் தகவல் போனது.

தௌலதாபாத்தில் அந்த மக்கள் தேநீரும் பலகாரமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் இறங்கிச் சாப்பிடுங்கள், பிறகு கோட்டையைப் பார்க்கலாம் என்றார்கள். பயணக் குழுவுக்கும் தேநீர் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும். திரும்பி வரும்போது குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியை விடச் சொன்னார்கள். பயணம் போகிற எல்லாரும் எடுக்கும் முடிவுதான் அது. நாங்களும் அதைத்தான் எடுத்திருப்போம்.

கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு சிறு குளம், விளிம்பு வரை தண்ணீர், சுற்றிலும் கல் தளம். நாள் முழுக்கப் பயணம் செய்து உடம்பெல்லாம் புழுதி. சிலர் அதிகம் யோசிக்காமல் முகமும் காலும் கழுவிக்கொண்டார்கள். பிறகு கோட்டை வாசலுக்குப் போய் உள்ளே போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைத் தாடி வைத்த ஒரு முதியவர் பின்னாலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். தீண்டப்படாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்தினார். சிறிது நேரத்தில் பெரிய கூட்டம் கூடிவிட்டது. அது ரமலான் மாதம். கூடியவர்கள் இஸ்லாமியர்கள். இந்துவுக்குத் தீண்டப்படாதவராக இருப்பவர் மற்ற மதத்தாருக்கும் அப்படியே ஆகிவிடுகிறார் என்பதற்கு அம்பேத்கர் இந்த நிகழ்ச்சியைச் சான்றாக வைக்கிறார். சாதி எந்த மதத்தின் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதே அவர் சொல்ல வந்தது. இதை எடுத்து இன்று ஒரு மதத்தாரை மட்டும் வசைபாடப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கட்டுரையின் மற்றப் பக்கங்களைப் படிக்காதவர்கள்.

அடுத்து நடந்ததுதான் எங்களை உட்காரவைத்து யோசிக்கவைத்தது. நாங்கள் வெளியூர்க்காரர்கள், இங்கத்திய வழக்கம் தெரியாது என்று குழுவினர் சொன்னார்கள். உடனே கூட்டத்தின் கோபம் உள்ளூர்த் தீண்டப்படாதவர்கள் பக்கம் திரும்பியது. இவர்களுக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை, உங்களுக்குத் திமிர் வந்துவிட்டது என்று அவர்களைத் திட்டினார்கள். குளத்தருகே குழு போனபோது அந்த மக்கள் அங்கே இல்லவே இல்லை. தேநீரை வைத்துக்கொண்டு காத்திருந்ததைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. ஒருவர் இஸ்லாத்துக்கு மாறியிருந்தால் இப்படித் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்டதும் கூட்டம் பதில் இல்லாமல் நின்றது. கடைசியில் அவர் தன் பெயரை எழுதிக் கொடுக்க, காவலர் அதை உள்ளே கொண்டுபோய் அனுமதி வாங்கி வந்தார். கோட்டைக்குள் போகலாம். ஆனால் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு வீரர் கூடவே நடந்தார்.

அந்தக் காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள், தோழர்களே. ஒரு சுற்றுலா. முன்னால் அண்ணல், பின்னால் முப்பது பேர். கூடவே, அவர்கள் கை தண்ணீரில் படாமல் பார்க்க ஓர் ஆயுதம்.

இதை அவர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் எழுதியிருக்கிறார். அதில் வரும் பல நிகழ்ச்சிகள் பயண நிகழ்ச்சிகளே என்பது தற்செயல் இல்லை. சொந்த ஊரில் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். வெளியூரில் தெரியாது. ஊருக்கு ஊர் கோடு மாறும். பயணம் என்பது தெரியாத கோட்டை மிதிப்பது.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே சிக்கல்தான். அம்பேத்கரின் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936-இல், நியூயார்க் ஹார்லமில் வசித்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் ஒரு கையேடு போட்டார். கறுப்பினத்தவர் காரில் போனால் எந்த ஊரில் எந்த விடுதி இடம் தரும், எந்த உணவகம் சோறு போடும் என்ற பட்டியல். 'கிரீன் புக்' என்ற அந்தக் கையேடு 1960-களின் நடுப்பகுதி வரை வந்தது. நம் மக்கள் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் தகவல் அனுப்பிய அம்பேத்கரின் குழு கையில் வைத்திருந்ததும் அச்சிடாத ஒரு கிரீன் புக்தான். அந்தத் தங்கை ரீல்ஸில் காட்டிய பூங்காக்களுக்கும் இந்த வரலாறு உண்டு. தென் கரோலினா மாநிலம் தன் பூங்காக்களைக் கறுப்பினத்தவருக்கும் சமமாகத் திறக்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்தின் மூலம் வந்தபோது, 1963-இல் எல்லா மாநிலப் பூங்காக்களையும் மொத்தமாக மூடிவிட்டது. கூட நீ குளிப்பதைவிட நானும் குளிக்காமலே இருக்கிறேன் என்கிற மனம். நமக்கு நன்றாகப் பழக்கமானது.

இனி நம் மாகாணம். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பள்ளிப் புத்தகம் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்றது அந்தத் தீர்மானம். அந்த ஆண்டு செப்டம்பர் 25-இல் அது அரசாணையாகவும் வந்தது. பலர் கவனிக்காத ஒன்று, அந்தப் பட்டியலில் 'மக்கள் கூடும் பொது இடங்கள்' என்பதும் இருக்கிறது. தாத்தா சீனிவாசன் வேலைக்குப் போகும் வழியை மட்டும் கேட்கவில்லை. பொழுதுபோக்க, காற்று வாங்க, சும்மா நிற்கப் போகும் இடத்தையும் சேர்த்தே கேட்டார். கால் நூற்றாண்டு கழித்து அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடங்கள், கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, மக்கள் கூடும் இடங்கள் என்று அதே பட்டியல் நீளமாகிறது.

காகிதத்தில் வந்துவிட்டால் தண்ணீர் கைக்கு வந்துவிடுமா என்றால், மகத் பதில் சொல்கிறது. பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி ஒரு கை அள்ளிக் குடிக்கும் வரை யாரும் குடிக்க முடியவில்லை. குடித்த அன்றே அடி விழுந்தது. வழக்கு முடிய 1937 ஆனது. ஒரு குளத்துக்குப் பத்து வருடம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது நினைவிருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறோம். தங்குவதற்கு இடம் தேடி, போகும் வழியில் இருந்த ஒரு தனியார் ஹோம்ஸ்டேவுக்குப் போன் செய்தோம். அறை இருக்கிறது, இத்தனை ரூபாய் என்று நன்றாகத்தான் பேசினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னோம். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார்கள். காலனி என்றோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, அந்தத் தேதியில் ஏற்கெனவே ஒரு புக்கிங் இருப்பதை மறந்துவிட்டேன் என்றார்கள். வேறு தேதி எது என்றோம். எல்லாத் தேதியிலும் புக்கிங். யாரும் திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. இதை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? போனை வைத்த தம்பி, "அண்ணா, நமக்கும் ஒரு கிரீன் புக் வேணும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து டென்ட். இதில் நாங்களே திருந்த வேண்டியிருந்தது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலை காட்டுக்குள்தான் போகிறது. 2014-இல் இந்தக் காட்டில் சுமார் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2022 நவம்பரில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகளின் வழித்தடம் இது. பன்னேர்கட்டா பக்கமிருந்து கேழ்வரகு விளையும் பருவத்தில் ஓசூர் வரை வந்துபோகும் கூட்டங்களை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இங்கே நினைத்த இடத்தில் டென்ட் அடித்து நெருப்பு மூட்ட முடியாது, கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். தங்கைக்கு முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்தக் காட்டில் ஏற்கெனவே மனிதர்கள் இருக்கிறார்கள். இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. 1882-இன் சென்னை வனச் சட்டம் அன்றைய சேலம் மாவட்டத்தின் காடுகளையும் சேர்த்து 'ஒதுக்குக் காடு' என்று கோடு போட்டது. அன்றுமுதல் விறகு பொறுக்குவது, ஆடு மேய்ப்பது, தேன் எடுப்பது எல்லாம் அனுமதி கேட்க வேண்டிய காரியமாக, அனுமதி இல்லாவிட்டால் குற்றமாக ஆனது. கிணற்றங்கரையில் சாதி போட்ட கோடு ஒன்று. காட்டு ஓரத்தில் சர்க்கார் போட்ட கோடு இன்னொன்று. 2006-இன் வன உரிமைச் சட்டம் இந்த இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் அழித்தது. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் வாழ்வதைக் காட்டினால் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத மற்றவர்கள், அதாவது காட்டோரத்தில் வாழும் தலித்துகளும், மூன்று தலைமுறை, 75 வருடம் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா எழுதித் தராத ஒரு சமூகத்திடம் 75 வருடத்துக்குக் காகிதம் கேட்கிறது சட்டம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதை எடுத்து வேலை செய்தால் நன்றாயிருக்கும்.

காட்டுக்குள் சீருடையின் அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை. அதில் 126 பேர் வனத்துறையினர். சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல். அந்தப் பெண்கள் முப்பத்தொரு வருடம் நீதிமன்றப் படி ஏறியவர்கள்.

இதையெல்லாம் பேசிய இரவில்தான் தௌலதாபாத்தில் தேநீரோடு காத்திருந்தவர்கள் மறுபடி நினைவுக்கு வந்தார்கள். குழு பஸ் ஏறிப் போய்விட்டது. அவர்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள். நாம் இருளர் குடியிருப்பு அருகில் திருட்டுத்தனமாக ஒரு டென்ட் அடித்துப் போட்டோ எடுத்துவிட்டு ஓசூர் திரும்பிவிடலாம். யார் இடம் காட்டியது, யார் விறகு கொடுத்தது என்று மறுநாள் விசாரணை வருவது அவர்களிடம்தான். இந்தப் பேச்சுக்குப் பிறகு டென்டைப் பற்றி யாரும் வாதாடவில்லை.

ஆற்றைப் பற்றியும் கொஞ்சம். ஒகேனக்கலுக்கு மேலே பிலிகுண்டுலுவில்தான் மத்திய நீர் ஆணையம் காவிரியை அளக்கிறது. 2018 தீர்ப்புப்படி அங்கே வர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தொலைக்காட்சியில் இது இரண்டு மாநிலங்களின் சண்டை. எல்லையில் இருக்கும் எங்கள் காலனியில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிறார்கள். 1991 டிசம்பரில் பெங்களூரில் கலவரம் வந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். குடிசைவாசிகளும் கூலிக்காரர்களும் அதிகம் அடிபட்டார்கள். காவிரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள் காவிரிக்காக அடி வாங்கினார்கள். காவிரி எங்களுக்கு உண்மையில் வந்தது குழாயில்தான். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பழுதான தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக, ஜப்பான் கடனில் 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. அருவியின் தண்ணீரைப் பத்து வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். அருவியைப் பார்க்கத்தான் போகவில்லை.

பரிசலைப் பற்றி ஒரு துணுக்கு. இன்று மூங்கில் கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டித் தார் பூசுகிறார்கள். முன்பு அது மாட்டுத்தோல். செத்த மாட்டின் தோலை உரித்தவரைத் தொட்டால் தீட்டு. அந்தத் தோலின் மேல் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தால் தீட்டில்லை.

கடைசியில் போட்ட திட்டம் இதுதான். அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியில் தங்குவது. அங்கே ஊரா காலனியா என்று கேட்டால் கேட்பவரின் பெயரை எழுதிக்கொண்டு புகார் கொடுக்கலாம் என்பது முதல் காரணம், வாடகை இரண்டாவது. பகலிலேயே காட்டுச் சாலையைக் கடந்துவிடுவது, யானை நேரத்தில் வண்டி ஓட்டாமல் இருப்பது. நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள். எனவே கிளம்பும் முதல் நாள் மாலை பிலிகுண்டுலு அளவைச் செய்தியில் பார்த்துவிட்டு முடிவுசெய்வது. சமையல் எல்லாரும் முறை வைத்து. பாத்திரமும் அப்படியே. ஆண்கள் முதல் முறை. அஞ்செட்டி பக்கம் வன உரிமைக்காக வேலை செய்யும் இருளர் தோழர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறோம். வழியில் அவர்கள் தேநீர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் இறங்கித் தேநீர், அருவி அப்புறம் என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறோம். டென்ட் வேண்டும் என்ற தங்கைக்காக, திரும்பி வந்த இரவு படிப்பு வட்டத்தின் மொட்டை மாடியில் ஒன்று கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை ஒருநாள் விடுப்பு எடுத்தால் கான்ட்ராக்ட்காரர் அந்த மாத வருகைப் போனஸை வெட்டிவிடுவார். ஆறு பேருக்கு அந்தச் சிக்கல். ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வியாழக்கிழமை தெரியும். அந்த அப்பா மட்டும் நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டாராம். "நானும் வரேன், மூட்டை இல்லாம ஒரு தடவை" என்றாராம்.